வெளி மருந்துகள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி, இவைதான் அன்றாடம். அப்படி ஒரு நாளில்தான் அவரைப் பார்த்தேன். கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தவர், அறுபதைத் தாண்டியவர். கோப்பில் இருந்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். அது ஆண் பெயர். மூலையில் இருந்த ஒரு பெண்மணி மெதுவாக எழுந்தார். கூடம் முழுக்க அவரையே பார்த்தது. அவரை எப்படி அழைக்க வேண்டும் என்ற குறிப்பு கோப்பிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, பழகிவிட்டது" என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

திருநங்கைகளுக்கான ஹார்மோன் சிகிச்சை ஏதோ தனி உலகம் என்று நினைத்திருந்தேன். சரி, படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால், எல்லாமே எனக்குத் தெரிந்த மருந்துகள். பெண் ஹார்மோனான எஸ்ட்ரடயாலை மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன். ஸ்பைரனோலாக்டோன் இதய நோயாளிகளின் மருந்து. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுப்பதால் இங்கேயும் உதவுகிறது. அந்த அம்மா ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு லிசினோப்ரில் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தோம். வயதை நினைத்து, எஸ்ட்ரடயாலை மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தோம். ரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற கணக்கில்தான் தயங்கி நின்றேன். மருந்தளவுக்காக நாங்கள் போடும் பழைய சூத்திரத்தில், பெண் என்றால் விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். இவருக்கு எப்படிப் போடுவது? ஹார்மோனால் தசை குறையக் குறைய விடையும் மாறும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, மருத்துவரோடு பேசி முடிவெடுத்தோம்.

இதற்கான கதவு நாடு முழுக்கத் திறந்தது 2011 ஜூனில். ஹார்மோன், மனநல ஆலோசனை, அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு எல்லாவற்றையும் வி.ஏ. மருத்துவமனைகள் தர வேண்டும் என்று அப்போது ஆணை வந்தது. அறுவை சிகிச்சை மட்டும் அதில் இல்லை. அதையும் சேர்க்கப் போவதாக 2021 இல் படைவீரர் நலத் துறையின் அப்போதைய செயலர் டெனிஸ் மெக்டொனா அறிவித்தார். அதற்கான விதி கடைசிவரை வரவில்லை.

அப்புறம் 2025 மார்ச் 17. பாலின மாற்றத்துக்கான சிகிச்சையைப் படிப்படியாக நிறுத்துவதாகத் துறை அறிவித்தது. ஏற்கெனவே வி.ஏ.வில் ஹார்மோன் பெறுபவர்களுக்கும், படையில் இருந்தபோதே பெற்று அப்படியே ஓய்வுபெற்று வருபவர்களுக்கும் மட்டும் ஹார்மோன் தொடரும். அந்த அம்மாவுக்குத் தொடர்கிறது.

சில மாதம் கழித்து இளம் திருநம்பி ஒருவர் வந்தார். தரைப்படையில் இருந்தவர். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அங்கே யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லி சிகிச்சை பெற்றிருந்தால் இன்று தகுதி இருந்திருக்கும். இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். பூட்டிய அலமாரியிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை எடுத்து, உடலில் அதன் சுரப்பு குறைந்த வேறொரு வீரருக்கு அன்று காலைதான் கொடுத்திருந்தேன். அதே மருந்து. இவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. என் வேலையில் நான் சொன்ன மிகக் கடினமான வாக்கியம் அதுதான்.

முழங்கால் வலிக்கு அவருக்கு இங்கே சிகிச்சை உண்டு. அதற்கு இன்னமும் வருகிறார். போன முறை வந்தபோது, வெளியே சொந்தக் காசில் டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். ரத்தத்தில் சிவப்பணு அதிகமாகிறதா என்று எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டார். முதல் வருடம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றேன். அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எங்கள் கணினியில், வேறு இடத்தில் வாங்கும் மருந்துகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. டெஸ்டோஸ்டிரோனை அதில் பதிந்தேன்.