பழைய கணினியைத் துடைப்பதற்கு முன்

புதுக் கணினி வாங்கப் போனால், பணம் கட்டும் முன்பே "பழசைக் கொடுத்துவிடுங்களேன், விலையில் கழித்துக்கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொல்வார். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடையிலும் இதே பேச்சுதான், எக்ஸ்போ கண்காட்சியிலும் இதே பேச்சுதான். அன்றைக்கே கொடுத்துவிட்டு வருபவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். படங்கள், கணக்குகள், கடிதங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்திருப்பார்கள். ஆனால் மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமம், அதாவது லைசன்ஸ், காப்பியில் வராது. சில மென்பொருள்களின் லைசன்ஸை அது ஓடிய கணினியில் உட்கார்ந்துதான் விடுவிக்க முடியும். அந்தக் கணினி இன்னொருவர் கையில் துடைக்கப்பட்டு எல்லாம் அழிந்துவிட்டால், நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு மென்பொருளையும் பார்த்து முதலில் கேட்க வேண்டியது: இதன் லைசன்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது? மதர்போர்டிலா, ஒரு மின்னஞ்சல் கணக்கிலா, கணினியின் அடையாள எண்ணோடு கட்டிய ஃபைலிலா, அல்லது யுஎஸ்பி குச்சியிலா? இது தெரிந்தால் எப்படி மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும். ஒரு தாளில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சீரியல் எண், வாங்கிய ரசீது, பதிவு செய்த மின்னஞ்சல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தில் கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், கழுத்தை அறுப்பதும் அதுதான். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப் போன கணக்காளரின் சொந்த மின்னஞ்சலில் கம்பெனியின் லைசன்ஸ் பதிவாகியிருப்பது சின்ன அலுவலகங்களில் சர்வ சாதாரணம். அவரைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் புதுக் கணினி வந்த பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸிலிருந்து தொடங்கலாம். கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, டி, எல், ஐ என்று முடித்து என்டர் அடியுங்கள். சில விநாடிகளில் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் விவரம் சொல்லும் வரியின் கடைசியைப் பாருங்கள். ஓஇஎம் (கணினியோடு சேர்ந்தே வந்தது) என்று இருந்தால் அந்த விண்டோஸ் அந்த மதர்போர்டுக்கே சொந்தம், அதோடேயே போய்விடும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டு மடிக்கணினிகளில் விண்டோஸைத் திறக்கும் சாவி எண், மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. அதை எடுத்துப் புதுக் கணினியில் போட நினைப்பது வீண்வேலை. ரீடெயில் (தனியாக வாங்கியது) என்று இருந்தால் மாற்றலாம். அதே கட்டளையில் கடைசி மூன்று எழுத்தை யு, பி, கே என்று மாற்றி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் பழைய கணினியிலிருந்து சாவி கழன்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே பெட்டியில் சாவியின் கடைசி ஐந்து எழுத்து தெரியும். அது 3வி66டி என்றோ 8ஹெச்விஎக்ஸ்7 என்றோ இருந்தால் அது உங்கள் சாவியே அல்ல. முதலாவது புரோ பதிப்புக்கும் இரண்டாவது ஹோம் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் போடும் பொதுச் சாவி. உங்கள் உரிமம் டிஜிட்டல் வடிவில் சர்வரில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் பழைய கணினியிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, உரிமம் கணக்கோடு இணைந்திருப்பதாக ஆக்டிவேஷன் பக்கம் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதியதில் அதே கணக்கோடு நுழைந்து, செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், ட்ரபிள்ஷூட் என்று போய், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஹோம் உரிமத்தை வைத்துக்கொண்டு புரோவைத் திறக்க முடியாது. ஓஇஎம் சாவியுள்ள விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு ஏறியவர்களுக்கு இந்த வழியும் கிடையாது, அந்த உரிமம் ஓஇஎம் ஆகவேதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் கணினி மாற்றுகிறவர்களில் பலர் இந்த ரகம்தான்.

அந்தப் பெட்டியில் வால்யூம் என்று வந்தால் அது நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் உரிமம். வீட்டுக் கணினியில் அது இருக்க நியாயமில்லை. கம்பெனி கழித்துவிட்ட மடிக்கணினியைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினால் இப்படித்தான் எண்டர்பிரைஸ் பதிப்போடு வரும். நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திறக்கும் கேஎம்எஸ் முறை உரிமம் 180 நாள்தான் தாங்கும். அதற்குள் நிறுவனத்தின் சர்வரை ஒருமுறையாவது பார்க்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். பல மடிக்கணினிகளில் பயாஸுக்குள் ஒரு புரோ சாவி தூங்கிக்கொண்டிருக்கும். எண்டர்பிரைஸைத் துடைத்துவிட்டு புரோவைப் புதிதாக நிறுவினால் அது தானாகவே விழித்துக்கொள்ளும், ஒரு காசு செலவில்லை. இணையச் சந்தையில் பத்து வெள்ளிக்கு விற்கும் "அசல்" சாவிகளில் பலவும் இப்படிக் கசிந்த வால்யூம் சாவிகள்தான். இன்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆஃபீஸில் குழப்பம் குறைவு. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் ஒரே நேரத்தில் ஐந்து சாதனங்களில் உள்நுழைந்திருக்கலாம். கணக்குப் பக்கத்தில் பழையதை வெளியேற்றினால் போதும். ஒருமுறை காசு கட்டி வாங்கிய ரீடெயில் ஆஃபீஸை 90 நாளுக்கு ஒரு முறை வேறு கணினிக்கு மாற்றலாம். மடிக்கணினியோடு சேர்ந்தே வந்த ஆஃபீஸ் அந்த மடிக்கணினியோடு சரி. சாவி தேடும் மென்பொருளை ஓட்டி முழுச் சாவியையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தால், ஆஃபீஸ் 2013 முதல் கணினியில் கடைசி ஐந்து எழுத்துதான் சேமிக்கப்படுகிறது. அடோபி சந்தாவை இரண்டு கணினிகளில் திறந்து வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் வேலை செய்யலாம். பழையதில் சைன் அவுட் செய்தால் வேலை முடிந்தது.

தேக்கா வட்டாரக் கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள்தான் உயிர்நாடி, அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டேலி பிரைம் லைசன்ஸ் கணினியின் வன்பொருளோடு கட்டப்படுகிறது. பழைய கணினியில் இணையத்தொடர்போடு எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், லைசன்ஸ், சரண்டர் என்று போய் ஒப்படைக்க வேண்டும். டேலி கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும். அது முடிந்ததும் டேலி கல்விப் பயன்முறைக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும். லைசன்ஸை இன்னும் ஏற்றாத புதுக் கணினியும் இதே நிலையில்தான் இருக்கும். அதில் 15-ஆம் தேதி ரசீது ஏறவில்லை, டேலி கெட்டுப்போச்சு என்று பதறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேலே மூலையில் இடியு (EDU) என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன்பும் இதே போல ஒப்படைத்துவிட வேண்டும், ஃபார்மட்டுக்குப் பிறகு அதே கணினியே அதற்கு வேறு கணினியாகத் தெரியலாம்.

தரவு வேறு, லைசன்ஸ் வேறு. ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தி பேக்கப் எடுங்கள். அதோடு டேட்டா ஃபோல்டருக்குள் எண்களையே பெயராகக் கொண்டிருக்கும் கம்பெனி ஃபோல்டர்களையும் அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பழையதில் ஓடும் ரிலீஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா காலாவதியாகியிருக்கும்போது இணையத்தில் கிடைக்கும் புத்தம்புது ரிலீஸை இறக்கினால் உங்கள் லைசன்ஸ் அதற்குச் செல்லாது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கோல்டு பதிப்பில் ஒரு கணினி லைசன்ஸ் சர்வராக இருக்கும், மற்றவை அதன் பெயரையும் 9999 என்ற போர்ட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும். சர்வர் கணினியை மாற்றும்போது பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, புதியதற்கு அதே பெயரை வைத்துவிடுங்கள். கல்லாப் பக்கம், கிடங்குப் பக்கம் என்று ஒவ்வொரு கணினியாகப் போய் மாற்றும் அலைச்சல் மிச்சம். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடவும் மறக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகங்கள் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனவே கணக்கு மென்பொருளையே மாற்றுகிறீர்கள் என்றால், பழைய லைசன்ஸை விடும் முன் பழைய ஆண்டுகளின் பேரேடுகளையும் ஜிஎஸ்டி அறிக்கைகளையும் பிடிஎஃப்பாகவும் எக்செல்லாகவும் எடுத்து வையுங்கள். 2023-இல் 8 விழுக்காடு, 2024-இலிருந்து 9 விழுக்காடு என்று வரி மாறிய காலத்துக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொன்னால், திறக்க மென்பொருள் இல்லை என்ற பதில் எடுபடாது.

பொறியியல், வரைபட அலுவலகங்களில் தொந்தரவு வேறு மாதிரி. அங்கே லைசன்ஸ் ஃபைல் ஒன்று இருக்கும், அதற்குள் 12 இலக்க அடையாள எண். பெரும்பாலும் அது நெட்வொர்க் கார்டின் முகவரிதான். புதுக் கணினியின் முகவரியைக் கொடுத்து விற்பனையாளரிடம் புது ஃபைல் வாங்க வேண்டும். எந்தக் கார்டின் முகவரி என்பதில்தான் சறுக்கல். மெல்லிய மடிக்கணினியில் நெட்வொர்க் கேபிள் ஓட்டை கிடையாது, மேசையில் இருக்கும் டாக்கிங் பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டியின் முகவரியைக் கொடுத்து ஃபைல் வாங்கிவிட்டால், மடிக்கணினியை வாடிக்கையாளரிடம் எடுத்துப் போன அன்று மென்பொருள் திறக்காது. பெட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் வைஃபை கார்டின் முகவரியை எடுங்கள். முகவரியை அடிக்கடி மாற்றும் ரேண்டம் அமைப்பு விண்டோஸில் ஆன் ஆகியிருந்தால் முதலில் அணையுங்கள்.

யுஎஸ்பி குச்சியில் லைசன்ஸ் என்றால் எளிது என்றே தோன்றும்: பிடுங்கி இங்கே செருகினால் ஆயிற்று. குச்சியை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவிய பிறகே குச்சியைச் செருகுங்கள். ஆனால் இப்போது கடையில் அடுக்கியிருக்கும் ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளை வாங்குமுன் யோசியுங்கள். பழைய மென்பொருளை அது ஒருவழியாக ஓட்டிவிடும், டிரைவரை ஓட்டாது. ஆர்ம் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் குச்சி வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். இன்டெல், ஏஎம்டி கணினிகளிலும் விண்டோஸ் 11-இன் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு பழைய டிரைவர்களைத் தடுக்கும். புது டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

தமிழில் அச்சு வேலை செய்கிறவர்கள் எழுத்துருக்களை மறந்துவிடுவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கல்யாண அழைப்பிதழும் கோயில் அறிவிப்பும் புதுக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும், அந்த எழுத்துருவை நிறுவும் வரை. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களும் பொதுவாகக் கணினிகளின் எண்ணிக்கைக்குத்தான் உரிமம் பெற்றவை. புதியதில் ஏற்றியதும் பழையதிலிருந்து நீக்குங்கள்.

பழைய கணினி செத்தே போய்விட்டதா? லைசன்ஸை விடுவிக்க முடியாது, மென்பொருள் நிறுவனத்திடம் ரீசெட் கேட்கத்தான் வேண்டும். சீரியல் எண், உங்கள் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னோடு கூடிய ரசீது, பதிவான மின்னஞ்சலிலிருந்தே எழுதிய கடிதம், இந்த மூன்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரக் காத்திருக்க வேண்டும்.

எல்லாம் மாறிய பிறகும் பழைய கணினியை உடனே கொடுத்துவிட வேண்டாம். ஒரு ஜிஎஸ்டி காலாண்டு போகட்டும். தினமும் திறக்கும் மென்பொருள் முதல் நாளே குறை சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறப்பது அப்போதுதான் சொல்லும். பிறகு எல்லாவற்றையும் நீக்கும் ரீசெட்டை, தரவைச் சுத்தமாக அழிக்கும் தேர்வோடு ஓட்டுங்கள். வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த அலுவலகக் கணினி என்றால் தரவு இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்வதே நல்லது. வேலை செய்யாத கணினியை வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவுக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் சேருங்கள். 2021 ஜூலையிலிருந்து இங்கே அதற்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. இன்னும் ஓடும் கணினியைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கிறீர்கள் என்றால், பயாஸில் இருக்கும் விண்டோஸ் சாவி அவர்களுக்குத்தான் போகும், அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.