நூறு ஆட்டம் போதாது

முதுகலை ஆய்வேட்டுக்குச் சதுரங்க நிரலாக்கத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றபோது, "உலக சாம்பியன் காஸ்பரோவையே 1997இல் டீப் புளூ கணினி வென்றுவிட்டதே, இனி இதில் கண்டுபிடிக்க என்னம்மா இருக்கிறது?" என்று என் நெறியாளர் கேட்டார். வலிமையான நிரல் ஒன்றை எழுதிக் காட்டுவதுதான் ஆய்வு என்று நான் அப்போது எண்ணியிருந்ததால், அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

முதல் இரண்டு மாதங்கள் விதிகளைப் பிழையின்றி எழுதுவதிலேயே போயின. தொடக்க நிலையிலிருந்து இரு தரப்பும் மாறி மாறி, இருவருக்குமாகச் சேர்த்து ஐந்து முறை காய் நகர்த்தினால் மொத்தம் 48,65,609 வழிகள் உண்டு. நிரல் எழுதுகிற எல்லாரும் தங்கள் விதிகளை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். என் நிரல் 48,65,351 என்று காட்டியது. விடுபட்ட 258 வழிகளும் 'என் பாசான்' முறையில், அதாவது இரண்டு கட்டம் தாவி வந்த எதிராளியின் சிப்பாயை அது ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் கருதி, வெட்டுபவை; ஐந்தாவது நகர்த்தலுக்கு முன் அதற்கு வாய்ப்பே இல்லை என்பதால், நான்கு வரை எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

அடுத்து, 'நல் மூவ்' (null move, வெற்று நகர்த்தல்) எனப்படும் உத்தியில் கைவைத்தேன். நம் முறையை விட்டுக்கொடுத்து, எதிராளியை அடுத்தடுத்து இருமுறை ஆடவிட்ட பிறகும் நம் நிலை நன்றாகவே இருக்குமானால், அந்த நகர்த்தல் வரிசையை மேலும் ஆழமாகத் தேடாமல் வெட்டிவிடலாம் என்பதே இதன் கருத்து. காய்கள் குறையும்போது இந்த வெட்டைத் தளர்த்தும்படி சிறு மாற்றம் செய்து, பழைய வடிவத்தோடு நூறு ஆட்டங்கள் ஆடவிட்டேன். 56க்கு 44 என வென்றது. அன்று மாலையே நெறியாளரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பிழை எல்லை எவ்வளவு?"

கணக்கிட்டுப் பார்த்தேன். டிரா கணிசமாக வரும் ஆட்டங்களில், நூறு ஆட்டங்களைக் கொண்டு ஆட்ட வலிமையை அளக்கும் ஈலோ அளவில் சுமார் 50 புள்ளிகளுக்குக் குறைவான வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குக் கிடைத்ததோ 42. ஐந்து புள்ளி அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆட்டங்கள் தேவை. ஆய்வகக் கணினிகளில் மூன்று இரவுகள் பத்தாயிரம் ஆட்டங்களை ஓட்டியபோது அந்த முன்னிலை முழுவதும் கரைந்துபோனது.

மனம் தளர்ந்திருந்த அந்த நாட்களில்தான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். நிரல் வலுவடைந்ததா என்பதை விட்டுவிட்டு, இந்த உத்தி எந்த நிலைகளில் பொய் சொல்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். ஐந்து காய்கள் வரையிலான எல்லா நிலைகளுக்கும் முடிவுகளைக் கணித்து வைத்திருக்கும் இறுதியாட்டத் தரவுத்தளம் ஒரு ஜிகாபைட் அளவில் கிடைப்பதால், நிரலின் ஒவ்வொரு தீர்ப்பையும் உண்மையோடு நேரடியாக ஒப்பிட முடிந்தது. எந்தக் காயை நகர்த்தினாலும் கேடு என்ற 'சுக்ஸ்வாங்' நிலையில் இந்த உத்தி தவறும் என்பது பழைய செய்தி. அதற்காக, அரசனும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும்போது அதை நிறுத்திவிடுவதே வழக்கமான பாதுகாப்பு. ஆனால் ராணிக்கு எதிராக யானை நிற்கும் இறுதியாட்டத்தில் சிப்பாயே இல்லை; யானை எஞ்சியிருப்பதால் உத்தியும் நிறுத்தப்படுவதில்லை. அங்கும் பல நிலைகளில் யானைக்காரர் தம் முறையை விட்டுக்கொடுக்க முடிந்தால் தப்பிவிடுவார், முடியாததால்தான் தோற்கிறார். வழக்கமான பாதுகாப்பு அங்கே உதவவில்லை என்பதை நிலை நிலையாகக் காட்டிய அத்தியாயம்தான் என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆய்வேட்டுக்கு உச்ச வலிமை தேவையில்லை என்பதற்கு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மேத்யூ லாய் 2015இல் முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய 'ஜிராஃப்' என்ற சதுரங்க நிரல் நல்ல சான்று. அன்றைய முன்னணி நிரல்களை அது வெல்லவில்லை. ஆனால் நிலைகளை மதிப்பிடும் அறிவைத் தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. அவரே பின்னர், தானே ஆடிக் கற்கும் 'ஆல்பாஜீரோ' நிரலை உருவாக்கிய குழுவில் ஒருவரானார்.

நான் இப்போது ஆறு காய் நிலைகளுக்குச் சென்றிருக்கிறேன். தரவுத்தளம் நூறு மடங்குக்கும் மேல் பெரிதாகிவிட்டதால், எந்த நிலைகளை மாதிரியாக எடுப்பது என்பதே இந்த மாதத்து வேலை.