பெசன்ட் நகரிலிருந்து கூவம் முகத்துவாரம் வரை

சென்னைக் கடற்கரையின் உண்மை நிலையை அறிய விரும்புவோர், வடகிழக்குப் பருவமழை சற்றே ஓய்ந்திருக்கும் டிசம்பர் காலையொன்றில் அங்கே நடக்க வேண்டும். அப்படியொரு காலையில் பெசன்ட் நகரில் தொடங்கி, அடையாற்றைப் பாலத்தின் வழியே சுற்றிக் கடந்து, கூவம் கடலில் கலக்கும் இடம் வரை சென்றேன்.

பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றியிருந்த மணல் விடியும் முன்பே பெருக்கப்பட்டிருந்தது. தூய்மைப் பணியாளர்கள் சோளக்கதிர்க் கட்டைகளையும் காகிதத் தட்டுகளையும் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளி டிராக்டர் இழுத்த இயந்திரம் மணலைச் சலித்துக்கொண்டு போனது. ஊரூர்க் குப்பத்தைத் தாண்டி, அடையாற்று முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலத்தை நெருங்க நெருங்க, குப்பையே வேறாக இருந்தது. அலை ஏறி இறங்கிய தடத்தில், ஆகாயத்தாமரைக் கொடிகளுக்குள் ஒற்றைச் செருப்புகளும் மாத்திரை அட்டைகளும் ஷாம்பு பாக்கெட்டுகளும் தெர்மோகோல் துண்டுகளும் பழைய டூத் பிரஷ்களும் சிக்கிக் கிடந்தன. காற்று வாங்க வருபவர் யாரும் டூத் பிரஷ்ஷைக் கொண்டுவந்து எறிவதில்லை. இவை வீட்டுக் குப்பை. மாம்பலம் கால்வாய் போன்ற நீர்வழிகளில் கொட்டப்பட்டு, மழைநீரோடு அடையாற்றில் இறங்கி, கடலுக்குள் போய், அலையால் கரையேற்றப்பட்டவை. நன்னீரில் மட்டுமே வளரும் ஆகாயத்தாமரை கடல்மணலில் கிடப்பதே அவை வந்த வழியைச் சொல்லிவிடுகிறது.

வலையில் சிக்கிய கேரி பேக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இப்ப வன்னி ஓடுது தம்பி, வடக்கேருந்து தெக்கால இழுக்கும். ஆத்துல வர்றதெல்லாம் நம்ம கரைக்குத்தான். தெண்டி திரும்பிச்சின்னா பட்டினப்பாக்கம், மெரினான்னு அந்தாண்ட போயிடும்” என்றார். பருவத்தோடு திசை மாறும் கரையோர நீரோட்டத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்த இம்மக்களிடம் கேட்காமலேயே தூய்மைத் திட்டங்கள் தீட்டப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடையாற்றுக்கு வடகரையில் உள்ள சீனிவாசபுரத்தில் பிளாஸ்டிக்கைவிட நாற்றமே முதலில் எட்டியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரையோரம் முழுவதும் வெண்ணுரை திரண்டு நின்றதும், பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடியதும், மீனவர்கள் தொழிலுக்குப் போக வேண்டாம் என எச்சரிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். சோப்புத்தூள் கலந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விடப்பட்டு, மழைவெள்ளத்தில் கடலுக்கு வந்து, அலைகளால் கடையப்பட்டு நுரையானது. எந்த மணல் இயந்திரத்தாலும் அதை அள்ள முடியாது.

இதே கரையில்தான் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்து செல்லும் பாதையில் ஒரு பிளாஸ்டிக் குவளை கிடந்தாலும் அது அவற்றுக்குப் பெருந்தடை.

மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலம் வரை கடைகளைச் சுற்றிய குப்பைதான் அதிகம். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பைகள் அங்கே தாராளமாகவே புழங்கின. காணும் பொங்கலுக்கு மறுநாள் டன் கணக்கில் குப்பை அள்ளப்படுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது; கூவம் அன்றாடம் கொண்டுவந்து தள்ளுவதோ யார் கண்ணிலும் படுவதில்லை. ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்புகள் கட்டி, அங்கேயே குப்பையை அள்ளும் முறை கூவத்தில் முன்பே செய்து பார்க்கப்பட்டதுதான். அதை அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் அவற்றில் சேரும் கால்வாய்தோறும் அமைத்து, மழைக்கு முன்பே தினமும் அள்ளுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்குமாறு மாநகராட்சியிடம் நாம் கேட்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்கள் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருக்கும் இடங்களை அடைக்குமாறு அதைவிட உரக்கக் கேட்க வேண்டும்.