பாமினிக் கடிதமும் பதினான்கு வேலை நாளும்

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வாங்கியவருக்குக் கண் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரியூசன் முடிந்து வரும்வரை அது மேசையில் கிடக்கும். வந்ததும் அந்தப் பிள்ளை திண்ணையில் நின்று உரத்து வாசிக்கும். உதவிப்பணம் எவ்வளவு, காணிப் பிணக்கு எந்த மட்டில், வைத்தியர் என்ன எழுதினார் எல்லாம் வேலிக்கு அப்பாலும் கேட்கும். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையோ மேற்கே படுவான்கரையோ, விழிப்புலனற்றோரின் முறைப்பாடுகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் பலவற்றின் அடியில் இப்படி ஒரு காகிதம் கிடக்கும். ஆகவே வெள்ளைப் பிரம்பு தினத்து ஊர்வலத்தைப் பற்றி அல்ல, காகிதத்தைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் வாசித்துக் கொடுப்பவருக்கு. அதிகம் நடக்கும் பிழை, கடிதத்தை வாசிக்காமல் அதன் கருத்தைச் சொல்வது. "ஒண்டுமில்ல மாமா, வழமையா வாறதுதான்" என்று பிள்ளை சொல்லிவிட்டுப் போகும். கடைசிப் பந்தியில் இருந்த முடிவுத் திகதி இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியவரும். முதலில் தலைப்பை வாசியுங்கள்: எந்த அலுவலகம், என்ன திகதி, 'எனது இலக்கம்' என்று போட்டிருக்கும் எண், பொருள். அடுத்து, பதில் கொடுக்க ஏதாவது நாள் குறித்திருக்கிறதா என்று கண்ணோட்டிப் பார்த்து அதைச் சொல்லுங்கள். அதன்பிறகு முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, ஒப்பமிட்டவரின் பதவியும் றப்பர் முத்திரையும் உட்பட. தபாலுறையின் முத்திரைத் திகதியையும் விடாதீர்கள். கடிதத்தில் ஒரு திகதி, தபாலில் அதற்குப் பத்து நாள் பிந்திய திகதி என்று இருந்தால், பின்னால் மேன்முறையீடு செய்யும்போது அந்த உறைதான் சாட்சி. உறையைக் குப்பையில் போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

விழிப்புலனற்றோர் சங்கம் ஒன்று வாசிப்பு உதவிக்கு ஆள் வைப்பதென்றால், ஒரே வீட்டுக்காரர் இல்லாத இருவரையாவது வையுங்கள். ஒருவர் வாசித்த தொகையையும் திகதியையும் மற்றவர் இன்னொரு நாள் சரிபார்க்கலாம். கேட்டது வெளியே போகாது என்ற உறுதியை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது போனுக்கு வருவோம். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானாக அண்ட்ரோய்ட் போன்களில் டோக்பேக் இருக்கிறது. கணினிக்கு என்விடிஏ இலவசம். இரண்டும் தமிழ் வாசிக்கும். கூகிளின் தமிழ்க் குரல் இந்தியத் தமிழ்தான். முதல் தடவை கேட்கும் ஆச்சிமார் "ஆரு புள்ள இது?" என்பார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். இவ்வளவு இருந்தும் அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பிய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் போன் உளறுகிறது. பிழை போனில் இல்லை, எழுத்துருவில்தான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் இருப்பது கண்ணுக்கு மட்டும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில விசைகள். அவற்றின்மேல் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. 'தமிழ்' என்று திரையில் தெரிவதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் என்விடிஏ "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று சொல்லும். 'மட்டக்களப்பு' என்ற ஊர்ப்பெயருக்குள் மூன்று செமிகோலன் இருக்கிறது, புள்ளிக்கு ஒன்றாக. கண்ணால் பார்க்கிற எழுதுவினைஞருக்கு இது ஒருபோதும் தெரியாது. அவருக்குக் கடிதம் அழகாகத்தான் இருக்கிறது. இதனால் "உங்களுடைய கடிதத்தை வாசிக்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பாமினியில் அனுப்புவார்.

வேடிக்கை என்னவென்றால், அதே கடிதத்தைக் காகிதத்தில் அச்சடித்துத் தந்தால் போன் வாசித்துவிடும். கூகிள் லென்ஸ் படம் பிடித்து எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறது. உள்ளே என்ன விசை இருந்தது என்பது அதற்கு வேண்டியதில்லை. ஆகவே கையில் பாமினிக் கோப்பு மட்டும் இருந்து, அவசரமும் இருந்தால், கடையில் ஒரு பிரதி அச்சடித்துப் படம் பிடிப்பதே குறுக்கு வழி.

யூனிகோட் முறையில் கோப்புக்குள்ளும் தமிழ் தமிழாகவே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றிகளும் உதவும். ஆனால் ஓரிடத்தில் அவை காலை வாரும், அதுவும் பணத்தொகையில். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. எழுதுவினைஞர் தொகையை ஆங்கில எழுத்துருவுக்கு மாறி 10,000 என்று அடித்திருப்பார். மாற்றிக்கு எழுத்துரு மாறியது தெரியாது, அது எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்து '10இ000' ஆக்கிவிடும். குரல் அதைப் "பத்து, இ, பூச்சியம்" என்ற மாதிரி வாசிக்கும். கடிதத்தில் ஆங்கிலமாக இருந்த பெயர்களும் இலக்கக் குறியீடுகளும் இப்படியே தமிழ்க் குப்பையாகும். எண்களுக்கு நடுவில் 'இ' கேட்டால் அது காற்புள்ளி என்று பழகிக்கொள்ளலாம். குறியீட்டு இலக்கத்தை மட்டும் மூலக் கோப்பில் ஒருமுறை எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். அங்கே ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கும்.

படம் பிடிப்பதற்கும் கைப்பழக்கம் வேண்டும். காகிதத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவி, மேசையின் ஒரு மூலையோடு ஒட்டி வையுங்கள். போனைக் காகிதத்தின் நடுவில் படுக்க வைத்து, இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றியபடி நேர் மேலே தூக்குங்கள். ஏ4 தாளின் நீளம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். அந்த நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் அடி தூக்கினால் பெரும்பாலான போன்களில் முழுத்தாளும் அடங்கும். மேல்பகுதி விடுபட்டால் முதல் வரி பாதியில் தொடங்கும், அது கேட்டே தெரியும். பக்கவாட்டு ஓரம் விடுபட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் அரைச் சொல்லாக வரும். பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துப் பிடிக்க வேண்டாம், ஒளி பட்டுத் தெறித்து எழுத்து அழியும். முத்திரை விழுந்த எழுத்து, பேனையால் நிரப்பிய வெற்றிடம் இரண்டையும் நம்ப வேண்டாம். தொகையும் திகதியும் பெரும்பாலும் பேனையால்தான் எழுதியிருக்கும் என்பதால், அவ்விரண்டுக்கும் மனிதக் கண் ஒன்று தேவை. பீ மை ஐஸ் செயலியில் முன்பின் தெரியாத தன்னார்வலர் வீடியோவில் பார்த்துச் சொல்வார். பாற்பக்கெற்றின் திகதிக்கு அது நல்லது, வங்கிக் கடிதத்துக்கு வேண்டாம்.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் வரும். கடிதம் சிங்களத்தில் வந்திருக்கும். தமிழ்க் குரல் மட்டும் உள்ள போன் சிங்கள எழுத்தைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போகக்கூடும். வெறும் தாள் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். எண்கள் மட்டும் கேட்டு நடுவில் மௌனமாக இருந்தால் சிங்களமா என்று சந்தேகப்படுங்கள். லென்ஸின் மொழிபெயர்ப்பு சாரத்தைக் காட்டும், அதை வைத்துக் கையொப்பம் போட வேண்டாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் மீண்டும் கேட்பது உரிமை, தயவு அல்ல.

இதுவரை சொன்னது எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. கடிதம் புறப்படும் இடத்திலேயே அதைச் சரிசெய்விக்க ஒரு வழி இருக்கிறது. அதை எங்கள் ஆட்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எழுத்தில் விண்ணப்பிக்க முடியாதவர் வாயால் கேட்கலாம் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுத்தில் பதிவது தகவல் உத்தியோகத்தரின் கடமை. "ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப அவருக்கு இடமில்லை. தகவலைக் கேட்ட வடிவிலேயே கொடுக்க வேண்டும் என்பது 27ஆம் பிரிவு. அப்படிக் கொடுத்தால் மூல ஆவணத்துக்குச் சேதம் வரும் என்றால் மட்டும் விலக்கு. யூனிகோட் கோப்பால் எந்த ஆவணமும் சேதமாகாது.

ஆனால் 'மென்பிரதி' என்று மட்டும் கேட்டால் பாமினிக் கோப்போ, ஸ்கேன் செய்த பிடிஎப்போ வரும். ஸ்கேன் பிடிஎப் வெறும் படம், திரைவாசிப்பானுக்கு அது வெள்ளைத் தாள். எனவே கேட்கும் வாக்கியத்தை இப்படியே சொல்லிப் பதியச் சொல்லுங்கள்: "நான் விழிப்புலனற்றவர். இத்தகவலைத் தமிழில், யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாக எனது மின்னஞ்சலுக்கு அனுப்பவும். பாமினி முதலான எழுத்துருக்களையும் ஸ்கேன் செய்த படங்களையும் எனது கருவியால் வாசிக்க முடியாது."

கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். "ஏன் எனக்கு வேலை தரவில்லை" என்பதற்குத் தகவல் சட்டத்தில் பதில் கிடைக்காது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை இருக்கிறது. "கடந்த 5 ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் நிரப்பிய வெற்றிடங்கள் எத்தனை, அவற்றில் இச்சுற்றறிக்கையின் கீழ் நியமித்தது எத்தனை பேரை" என்று கேளுங்கள். பதில் பூச்சியமாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான், அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறை கழித்து எண்ணினால் அது மூன்று கிழமையைத் தொடும் அல்லது தாண்டும். 14 நாள் என்று நினைத்து முன்கூட்டியே போய்ச் சண்டை பிடித்து முகத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த நாட்களைப் போன் நாட்காட்டியில் குரலாலேயே பதிந்து வையுங்கள். சங்கத்துக் கொப்பியிலும் ஒரு வரி: திகதி, பேசியவரின் பதவி, சொன்ன சொல், அடுத்த நாள். பதவி இடமாற்றமானாலும் கதிரை அங்கேயே இருக்கும், பெயரைவிடப் பதவிதான் பின்னால் உதவும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கூட்டங்களில் எல்லாரும் சொல்வார்கள். அதன் 23ஆம் பிரிவு தொடுவது வேலைக்குச் சேர்த்தல், கல்வி நிலைய அனுமதி, பொதுமக்கள் போய்வரும் கட்டடங்களுக்குள் போதல் ஆகியவற்றை. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய 24ஆம் பிரிவு வழி விடுகிறது. வாசிக்க முடியாத கடிதத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. வாசிக்கக்கூடிய வடிவில் தகவல் என்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை. இலங்கை அதை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் கனம் கூடும், அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போக முடியாது.

அரச அலுவலகம் ஒன்று பாரபட்சம் காட்டியதென்றால், அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தருவது ஒரு மாதம்தான். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுப் பிராந்திய அலுவலகங்களில் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாமல் போகலாம், விசாரணை நடக்கிறது என்பதற்கும் எழுத்து வாங்கி வையுங்கள்.

கையொப்பத்துக்கு ஒரு மட்டை போதும். தடித்த மட்டையில் 6 சென்ரிமீற்றர் நீளம், ஒன்றரை சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு சாளரம் வெட்டி, அதன் கீழ்விளிம்பைப் புள்ளிக்கோட்டில் வைத்துவிட்டால் விரலே வழிகாட்டும். கையொப்பம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழும். வங்கியில் "முந்தியதுபோல இல்லை" என்ற பேச்சு குறையும். கையொப்பம் போடக்கூடியவரிடம் பெருவிரல் அடையாளம் கேட்டால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். காணி உறுதி என்றால் நொத்தாரிசு இரண்டு சாட்சிகளின் முன் வாசித்து விளங்கப்படுத்தட்டும். அந்தச் சாட்சிகளில் ஒருவராவது நீங்கள் கூட்டிவந்தவராக இருப்பது நல்லது. காணியை வாங்குகிறவரின் மைத்துனர் இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக நிற்பது நடக்காத காரியமல்ல.

தேர்தல் காகிதம் தனி. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, நம்பிக்கையான ஒருவரை வாக்களிப்பு நிலையத்துக்குள் கூட்டிப்போகலாம். அவர் 18 வயதுக்கு மேற்பட்டவராகவும், வேட்பாளரோ முகவரோ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆனால் தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அதில் கிராம உத்தியோகத்தரும் அரச வைத்தியரும் சம்பந்தப்படுவதால் வாக்களிப்பு நாளன்று காலையில் ஓடித் திரிந்து முடியாது. சான்றிதழ் இல்லாவிட்டால் நிலையப் பொறுப்பதிகாரி இன்னொரு உத்தியோகத்தரின் முன்னிலையில் அடையாளமிடுவார். வாக்கு போகும், இரகசியம் இரண்டு அந்நியருக்குத் தெரியும். பாராளுமன்றத் தேர்தலென்றால் கட்சிக்கு ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு மூன்று வரை. வேட்பாளர் இலக்கங்களை முதல்நாளே மனனம் செய்து, உள்ளே போய்த் துணைவருக்கு இலக்கத்தை மட்டும் சொன்னால் குழப்பம் குறையும்.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (ஆளேற்றும் மிதவையில்) கடந்து களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கிளினிக் நாளன்றே அந்தத் தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தையும் கொண்டுபோகட்டும். கிராம உத்தியோகத்தரின் பகுதியை முதலிலேயே நிரப்பி எடுத்துப் போனால், கையொப்பம் ஒன்றுக்காக மறுபடியும் ஆற்றைக் கடக்க வேண்டி வராது.