சட்டகத்துக்கு அடியில் ஒரு கை

ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பணிக்கு நான் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வேலையில் ஓவியத்தைச் சுவரில் பார்ப்பதைவிட மேசைமேல் கிடத்திப் பார்க்கும் நேரமே அதிகம். சட்டகத்தைக் கழற்றி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, உருப்பெருக்கியின் வழியே விரற்கடை விரற்கடையாக மேற்பரப்பைப் படித்துக்கொண்டு போகும்போது, எட்ட நின்று பார்ப்பவருக்குப் புலப்படாத செய்திகள் கண்ணில் படும். ஒரு சமூகத்தில் யார் மேலே, யார் கீழே என்பது ஓவியம் சொல்லும் கதையில் மட்டுமன்றி, அதன் அளவிலும் வண்ணத்தின் விலையிலும் தூரிகை செலவிட்ட நேரத்திலும் பதிந்து கிடக்கிறது என்பதை இந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தது ஒரு குடும்பப் படம். வரைந்தவர் பெயர் தெரியாதது, புகழ் ஏதும் பெறாதது. பட்டுடுத்திய கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். பணியில் சேர்ந்த புதிதில் அதன் நிலை அறிக்கையை எழுதியது நான்தான். 'ஐவர் அடங்கிய குடும்பம்' என்று குறித்துக் கையெழுத்திட்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, மஞ்சளித்துப்போன வார்னிஷை நீக்குவதற்காக அது மீண்டும் என் மேசைக்கு வந்தது. சட்டகத்தை எடுத்ததும், அதன் உதடு மறைத்திருந்த வலப்புற ஓரத்தில், தட்டு ஒன்றின் விளிம்பைப் பற்றியிருக்கும் நான்கு விரல்கள் தெரிந்தன. கரைப்பானில் நனைத்த பஞ்சால் பழுப்பைச் சிறிது சிறிதாக ஒற்றி எடுக்க எடுக்க, விரல்களுக்குப் பின்னால் ஒரு கையும், கதவோர இருளுக்குள்ளிருந்து ஒரு சிறுவனின் முகமும் வெளிவந்தன. படத்தில் இருந்தவர்கள் அறுவர். முதன்முறையும் சட்டகத்தைக் கழற்றித்தான் பார்த்தேன் என்பதால் அந்த விரல்கள் அன்றும் என் கண்முன் இருந்திருக்கும். கீறலையும் வண்ண உதிர்வையும் தேடிய எனக்கு ஆள் கணக்கு நடுவில் இருந்தவர்களோடு முடிந்துபோயிற்று. அந்த அறிக்கையை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

பிறகு எடுத்த அகச்சிவப்புப் படத்தில் வண்ணத்துக்குக் கீழே இருந்த அடிவரைவு தெரிந்தது. கணவனின் தாடை மூன்று முறை திருத்தி வரையப்பட்டிருந்தது; மனைவியின் கழுத்துச் சரிகைக்குக் கணக்கற்ற கோடுகள். சிறுவனுக்கு அடிவரைவே இல்லை; வண்ணம் காயும் முன் ஒரே மூச்சில் தீட்டி முடித்திருந்தார் ஓவியர். ஆனாலும் அந்த ஆறு முகங்களில் உயிருள்ள முகம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் அந்தச் சிறுவனின் முகத்தைத்தான் காட்டுவேன். கூலி கொடுத்தவரின் முகம் அவருக்குப் பிடித்தாக வேண்டும். தட்டேந்தி நின்றவனிடம் ஒப்புதல் கேட்க வேண்டிய தேவை ஓவியருக்கு இருந்திருக்காது. பணம் கொடுக்காதவனின் முகத்தில் கண் கண்டதைக் கை அப்படியே எழுதிவிடுகிறது. என் மேசைக்கு வந்த வேறு பல குடும்பப் படங்களிலும் இதையே கண்டிருக்கிறேன்.

அளவைப் பற்றிச் சொல்வதானால், அது மிகப் பழைய மொழி. கி.மு. 1350 வாக்கில் எகிப்தில் நெபாமுன் என்ற கணக்கரின் கல்லறைக்காகத் தீட்டப்பட்ட சுவரோவியங்களில், நாணற்காட்டில் பறவை வேட்டையாடும் அவர் பெரிய உருவம். மனைவியும் மகளும் சிறியவர்கள். அவருடைய வாத்துகளையும் மாடுகளையும் ஓட்டிவரும் ஆட்கள் சிறு சிறு வரிசைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்த மொழி ஐரோப்பாவில் வேறு வடிவத்தில் நீடித்தது: மிகப் பெரிய கித்தான் கடவுளருக்கும் அரசருக்கும் போர்களுக்கும் உரியது, உழைப்பவருக்குச் சிறிய கித்தானே போதும் என்பது எழுதப்படாத ஒழுங்காக இருந்தது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே அதை உடைத்தார். ஓர் ஊரின் சாதாரண மக்கள் கூடி நிற்கும் சவ அடக்கத்தை 3 மீட்டருக்கு மேல் உயரமும் 6.5 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட கித்தானில் தீட்டி, 1850-51ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அங்கே எழுந்த கோபத்தில் பெரும்பங்கு அந்த அளவுக்கு உரியது என்பது என் எண்ணம். 1849இல் அவர் தீட்டிய 'கல்லுடைப்பவர்கள்' 1945இல் போரில் அழிந்துபோனது. அது இருந்திருந்தால் அதில் கல்லுடைக்கும் இருவரின் கைகளை ஒருமுறையேனும் உருப்பெருக்கியில் பார்த்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

வண்ணத்தின் விலைதான் என்னை அதிக நாள் யோசிக்க வைத்தது. அல்ட்ராமரீன் நீலம், ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்து அந்நாளில் செய்யப்பட்டது. 1485இல் ஃபுளோரன்ஸ் நகரின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்காகப் பலிபீட ஓவியம் ஒன்றைத் தீட்ட ஒப்புக்கொண்ட ஓவியர் டொமேனிகோ கிர்லாந்தயோவின் ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃபுளோரின் பொற்காசு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்றே எழுதப்பட்டிருந்தது. அந்த நீலத்தை யாருக்கு உடுத்துவது என்பது பக்தியும் பணமும் சேர்ந்து எடுத்த முடிவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 1660க்குச் சற்று முன்பின்னாக டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் தீட்டிய பால் ஊற்றும் பெண்ணைப் பார்க்க வேண்டும். 45.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய படம். அவள் ஒரு வீட்டுப் பணிப்பெண். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் வேலைத்துணிக்கு வெர்மீர் பூசியது அந்த அல்ட்ராமரீனைத்தான். சட்டைக்கையைச் சுருட்டிவிட்ட இடத்தில் தோல் வெளுத்தும், அதற்குக் கீழே வேலை செய்து செய்து சிவந்தும் இருக்கிறது. சுவரில் அறைந்த ஆணியையும் அதன் நிழலையும்கூட அவர் விடவில்லை. வண்ணங்களின் விலை தெரிந்த எவரும் அந்த நீலத்தைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது.

இன்னொரு வழி, உழைப்பவரை முழுவதுமாக வெளியே நிறுத்திவிடுவது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் தீட்டிய, நிலவுடைமையாளர்களான ஆண்ட்ரூஸ் தம்பதியர் படத்தில் அறுவடையான கதிர்க்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன; அறுத்தவர், கட்டியவர் ஒருவரும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் எதிரே நான் வைத்துப் பார்ப்பது 1650இல் ரோம் நகரில் ஸ்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கேஸ் தீட்டிய ஹுவான் தே பரேஹாவின் உருவப்படம். பரேஹா அப்போது அவருடைய அடிமை. தீட்டியவரே உடைமையாளர். ஆனால் அகன்ற வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டையோடு, ஒரு கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கிறார் பரேஹா. அதே ஆண்டு நவம்பரில் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. அதிலும் இன்னும் நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பின்னாளில் அவரே ஓவியராகி, 1661இல் தீட்டிய பெரிய படத்தின் இடது ஓரத்தில் தம்மை வரைந்துகொண்டார். விளிம்பில் நிற்கும் உருவம்தான். ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அந்த முகத்துக்கு நேரம் செலவிட்டதும் அவருடைய கை.

என் மேசையில் கிடந்த சிறுவனுக்கு நாங்கள் செய்ய முடிந்தது சிறிது. பழைய சட்டகத்தைச் செதுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில்நெறி. ஆகவே சட்டகத்துக்குள் இருந்த இடைவெளி அனுமதித்த அளவுக்கு ஓவியத்தை இடப்புறமாக நகர்த்தி, வலப்புறத்தில் மெல்லிய மரச் சில்லுகளைச் செருகி நிறுத்தினோம். இடப்புறத்தில் திரைச்சீலை மட்டுமே இருந்ததால் அங்கே சில மில்லிமீட்டர் மறைவதை அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். என் பழைய அறிக்கையை அழிக்காமல் அதன் கீழே தேதியிட்டு, 'அறுவர். வலது விளிம்பில் தட்டேந்திய சிறுவன்' என்று திருத்தம் எழுதினேன். இப்போது அந்தப் படத்தின் முன் நிற்பவருக்குச் சிறுவனின் முகமும் தட்டும் கையும் தெரிகின்றன. விரல்களின் நுனிகள் மட்டும் இன்னும் சட்டகத்துக்கு அடியில் இருக்கின்றன.