பணிமூப்புப் பட்டியலால் வீழ்ந்த சங்கம்

விமானிகளுக்கு எந்தச் சங்கம் வேண்டும் என்ற விவாதம் எழும்போதெல்லாம், 2005-இல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் இணைந்த கதைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு விமானி எந்த விமானத்தை ஓட்டுவார், எப்போது கேப்டன் ஆவார், பண்டிகை நாளில் வீட்டில் இருப்பாரா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுபவர் யார் என்பதையெல்லாம் பணிமூப்பு எண்ணே தீர்மானிக்கிறது. இரு பட்டியல்களையும் இணைக்க நியமிக்கப்பட்ட நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ், 2007-இல் அளித்த தீர்ப்பில், ஆட்குறைப்பால் வெளியே நின்ற யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளை, அவர்களுக்கு வெகு காலம் பின்னர் வேலைக்குச் சேர்ந்த அமெரிக்கா வெஸ்ட் விமானிகளுக்கும் கீழே வைத்தார். எண்ணிக்கையில் கூடுதலாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு கொதித்துப்போய், 2008-இல் நடந்த வாக்கெடுப்பில், இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த ஆல்பா (ALPA) என்ற விமானிகள் சங்கத்தையே வெளியேற்றிப் புதிய சங்கமொன்றை அமர்த்தியது. சங்கத்தை மாற்றுவது அவர்களது உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் சண்டை தீராததால் இரு தரப்புக்குமான பொது ஊதிய ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் இழுபட, யுஎஸ் ஏர்வேஸின் திவால் காலத்தில் வெட்டப்பட்ட ஊதிய விகிதத்திலேயே அந்த விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணையும் காலம் வரை, நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேறெதுவும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.