3 பார் சென்சார், இரண்டாவது தடவை

போன மாதம் என் பழைய 1.6 லிட்டர் காரில், பழைய சாமான் கடையில் கிடைத்த எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை ஏற்றி முடித்தேன். இந்த மாதம் முழுக்க, அந்தக் காற்றின் அழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாரோடுதான் பொழுது போனது.

முன்பிருந்தது 1 பார் சென்சார் (1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்). 105 கிலோபாஸ்கலுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினாலே, வெளிக்காற்றின் அழுத்தமான 100 காட்டும். சூப்பர்சார்ஜர் 140 தள்ளினாலும் அது 105 என்றே சாதிக்கும். எஞ்சினின் கணினியான இசியூ அதை நம்பி பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கும். பிஸ்டன் கருக அது போதும்.

அதனால் ஜிஎம் 3 பார் சென்சார். 0 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல், 5 வோல்ட்டுக்கு 315. உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு. ஒரு பக்கம் காற்றை உறிஞ்சி மூடிய அறை, மறுபக்கம் மேனிஃபோல்டு காற்று, அதாவது எஞ்சினுக்குள் நுழையும் குழாயில் இருக்கும் காற்று. தகடு வளைய வளைய அதன் மேலுள்ள மின்தடை மாறும், வோல்டேஜும் மாறும். பின்னால் வெற்றிடம் இருப்பதால் வெளிக்காற்று எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மாட்டும் முன் மேசையிலேயே சோதித்தேன். 5 வோல்ட் கொடுத்து, குழாய் முனையில் ஊசி போடாத 50 மில்லி சிரிஞ்சு. மல்டிமீட்டரில் 1.57.

“அப்பா, இழுக்கவா, தள்ளவா?”

“முதல்ல இழு.”

மகள் இழுக்க இழுக்க 0.9 வரை இறங்கியது. தள்ளியதும் 2.4. விட்டதும் மறுபடி 1.57. சரி, சென்சார் நல்லது.

முட்டாள்தனம் என்னுடையது. ஹோஸை எட்டும் இடமாகப் பார்த்து, மிதிக்கும்போது திறந்து காற்றை விடும் த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவே மாட்டிவிட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டும்போது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு திறந்திருக்கும்வரை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தானே! ஞாயிறு காலை ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தேன். லேப்டாப்பில் 97, அதற்கு மேல் அசையவே இல்லை; சூப்பர்சார்ஜர் அழுத்துவதற்கு முந்தைய காற்றைத்தான் சென்சார் பார்த்தது. எஞ்சினுக்குள் யாரோ கோலிக்குண்டைக் குலுக்குகிற மாதிரி சத்தம். உடனே காலை எடுத்தேன். வீட்டுக்கு வந்து, ஹோஸை சூப்பர்சார்ஜரைத் தாண்டி மேனிஃபோல்டுக்கே மாற்றினேன். அடுத்த ஞாயிறு அதே ஏற்றத்தில் 140, சத்தமில்லை.

அப்புறம் ஜோஹன்னஸ்பர்க் பக்கம், உயரமான லெனேஷியாவில் அக்கா வீட்டுக்குப் போனோம். உயரத்தில் காற்று மெலிவு, வாசலில் சாவியைத் திருப்பினால் 84. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று காட்டும் டாஷ்போர்டு பூஸ்ட் மீட்டரில் டர்பனில் 0.4 பார் காட்டியது அங்கே 0.34தான். “பெல்ட் வழுக்குதோ?” என்று அத்தான் பானெட்டைத் திறக்கச் சொன்னார். பெல்ட்டில் குறையில்லை. இந்த சூப்பர்சார்ஜர் கிடைக்கிற காற்றை ஏறக்குறைய 1.4 மடங்காக அழுத்தும். 84-ஐக் கொடுத்தால் 118 தரும், கூடுதல் 34 கிலோபாஸ்கல், அதுதான் 0.34 பார். அத்தான் அரைமனதாகத் தலையாட்டினார், ஆனாலும் பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூடினார்.